தங்கத்துக்கு அடியில் நிக்கல்

மந்தைவெளி
டிசம்பர் 2, திங்கட்கிழமை

அன்பு மகன் தல்ஹாவுக்கு, அத்தா வலியுல்லா சொல்லச் சொல்ல உன் தங்கை நாஸியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நாங்கள் மூன்று பேரும் அல்லாஹ்வின் கிருபையில் மழைக்கும் கொசுவுக்கும் தப்பிச் சுகமாக இருக்கிறோம், ஜெர்மனிக் குளிருக்கும் நாலு மணிக்கே விழுகிற இருட்டுக்கும் தப்பி நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். என் வலது கையில் முலாம் வேலையில் வருகிற நிக்கல் அரிப்பு மறுபடி கிளம்பி விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது, டாக்டர் மருந்து தடவிக் கட்டிவிட்டார், பத்து நாளைக்குத் தண்ணீர் படக்கூடாது, பேனாவும் பிடிக்க முடியாது. அதனால் நான் சொல்வதை இவள் எழுதுகிறாள், சொன்னதை மாற்றாமல் எழுதவேண்டும் என்று வாக்கு வாங்கியிருக்கிறேன். (நாஸியா: மாத்த மாட்டேன்னுதான் வாக்கு, சேர்க்க மாட்டேன்னு இல்லை. கடிதம் அத்தாவோட கடை, அடைப்புக்குறி அதுக்கு முன்னாடி நான் விரிச்ச நடைபாதைக் கடை. கார்ப்பரேஷன்காரர் வந்தாலும் சுருட்ட மாட்டேன்.)

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மழையையும் மளிகையையும் பேசியே தாள் தீர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை நீ அம்மாவுக்குப் போன் செய்து, ஆராய்ச்சியை விட்டுவிடப் போகிறேன், இருபதாம் தேதிக்கு டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன், நான்கு வருஷம் வீண், எனக்கு இந்த வேலைக்குத் தகுதியில்லை என்று சொன்னாயாம். செப்டம்பர் மாதம் நீ பெரிய சபையில் எழுந்து நின்று சொன்ன எண் தப்பு, ஆனால் எதனால் தப்பு என்று எனக்கே தெரியவில்லை என்று பதினைந்தாம் தேதிக்குள் உன் பேராசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பெட்டியைக் கட்டப்போகிறாயாம். தம்பி, அப்படி எழுதிக் கொடுத்துவிடாதே. எதனால் தப்பு என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அது உன் கையில் நடந்ததில்லை, என் கடையில் நடந்தது. டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படி. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். இந்த நான்கு நாளில் மூன்று தரம் உன்னைக் கூப்பிட்டேன், மூன்று தரமும் வாய் வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. நீ ஹலோ அத்தா என்று சொல்கிற குரலைக் கேட்டதுமே வேறு எதையாவது கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். (நாஸியா: மூணாவது தரம் ஜெர்மனியிலே மாங்காய் கிடைக்குமான்னு கேட்டார். டிசம்பர்லே. நீயும் பாவம், மாங்காய்க்கு என்ன அவசரம்னு யோசிச்சுப் பதில் சொன்னே.)

வீட்டு நடப்பையும் கொஞ்சம் கேட்டுக்கொள். சனிக்கிழமை புயல் மழையில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் முழங்கால் தண்ணீர், நம் தெருவில் வண்டிகள் எல்லாம் நனைந்து நின்றுவிட்டன, மாடியில் இருப்பதால் நமக்குள்ளே வரவில்லை. கீழ்வீட்டு ராகவேந்திரன் சாரும் நானும் அவர் வீட்டுப் புத்தகங்களை எல்லாம் கட்டில் மேலே ஏற்றி வைத்தோம், இவள் பேப்பர் கப்பல் விட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு அடிக்கடி தலை சுற்றுகிறது என்று ரத்தப் பரிசோதனை செய்ததில் ஹீமோகுளோபின் ஒன்பதுதான் இருக்கிறதாம், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை. இந்த இரும்பு ஏதோ ஒரு நட்சத்திரத்தின் வயிற்றில் உண்டானது என்று நாஸியா அவளுக்குச் சொல்லப்போக, நட்சத்திரம் செய்த பண்டமா இது, துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் நீ வருகிறாய் என்றதும் மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறாள், உன் அறையை ஒழித்துப் பெட்ஷீட் மாற்றியாகிவிட்டது, இருபத்தொன்றாம் தேதிக்கு ஆட்டுக்கால் வேண்டும் என்று கறிக்கடையில் இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள். (நாஸியா: நீ அங்கே ஆராய்ச்சி வட்டுல கரியைப் பூசிக்கிட்டு அழறே, அம்மா இங்கே கறியை வாங்கிக்கிட்டுச் சிரிக்கிறாங்க. சின்ன எழுத்துதான் வித்தியாசம், குடும்பமே ரெண்டு கட்சி ஆயிடுச்சு.) கடையிலும் இந்த மாதம் நிற்க நேரமில்லாத மாதம். மார்கழி சீசனுக்கு நடனப் பெண்களின் நகை எல்லாம் பளபளப்புப் போய் வந்து குவியும், நெத்திச்சுட்டி, ராக்கொடி, ஒட்டியாணம், அது உனக்குத் தெரியாததில்லை.

நீ செய்கிற வேலை எனக்கு இத்தனை வருஷமாக முழுசாகப் புரிந்ததில்லை, யாராவது கேட்டால் பையன் மலையைக் குடைந்து அதற்குள்ளே உட்கார்ந்து அணுவை எண்ணுகிறான் என்று சொல்வேன், அவர்களும் அதற்குமேல் கேட்கமாட்டார்கள். இப்போதுதான் நாஸியாவின் பதினொன்றாம் வகுப்பு வேதியியலுக்காக நீ போனில் சொன்னதை அவள் எனக்குக் கடையில் உட்கார்ந்து திருப்பிச் சொன்னாள். நான் புரிந்துகொண்டது சரிதானா என்று நீயே பார்த்துக்கொள். உலகம் ஆரம்பித்தபோது சரக்கு என்று இருந்தது ஹைட்ரஜனும் ஹீலியமும், கூட ஒரு சிட்டிகை லித்தியமும்தான். மற்றதெல்லாம் பிறகு, பெரும்பாலும் நட்சத்திரத்துக்குள்ளே, சூட்டிலும் நெருக்கத்திலும் ஒன்றோடு ஒன்று இறுகி உண்டானது. நான்கு ஹைட்ரஜன் இறுகினால் ஒரு ஹீலியம், மூன்று ஹீலியம் இறுகினால் ஒரு கரி, அதாவது கார்பன், கரியோடு இன்னொரு ஹீலியம் போய் ஒட்டினால் நாம் மூச்சு இழுக்கிற ஆக்ஸிஜன். பெரிய நட்சத்திரமாக இருந்தால் அதற்கும் மேலே ஏறி சிலிக்கான், கடைசியில் நடுவயிற்றில் இரும்பு. வெட்டிப் பார்க்க முடிந்தால் அடுக்கு அடுக்காக இருக்குமாம், அதைக் கேட்டதும் எனக்குச் சட்டென்று பிடிபட்டது, நம் முலாம் வேலை மாதிரிதான், ஆனால் தலைகீழாக. நாங்கள் கனமில்லாத சரக்கை உள்ளே வைத்து மேலே தங்கத்தைக் காட்டுகிறோம், நட்சத்திரம் லேசானதை மேலே போர்த்திக்கொண்டு கனத்தை உள்ளே வைத்துக்கொள்கிறது. இரும்பு வரைக்கும் ஒட்ட ஒட்டச் சூடு வெளியே வரும், இரும்புக்கு அப்புறம் ஒட்டினால் சூட்டை உள்ளே இழுக்கும், அதனால் அங்கே வந்ததும் அடுப்பு அணைந்து நடுப்பகுதி இடிந்து நட்சத்திரம் வெடித்துப்போகும். (நாஸியா: அத்தா முதல் ரெண்டு நாள் ஹீலியத்தை நாம சாப்பிடற ஹலீம்னேதான் சொல்லிக்கிட்டிருந்தார். மூணு ஹலீம் சேர்ந்தா கரி வராது அத்தா, ஏப்பம்தான் வரும்னு சொல்லி நிறுத்தினேன்.)

இரும்புக்கு மேலே இருக்கிற கனமான உலோகங்களுக்குத்தான் உன் ஆராய்ச்சி வருகிறது. நியூட்ரான் என்று ஒரு துகள், அதற்கு மின்சாரம் கிடையாது, அதனால் அணுவின் நடுவிலே இருக்கிற கரு அதை வாசலில் மறிக்காது, அது பாட்டுக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், அப்படி ஒன்று ஒன்றாகச் சேர்ந்துதான் இரும்பு போன்றது மெல்ல மெல்லக் கனத்து ஸ்டிரான்ஷியம், பேரியம், ஈயம் வரைக்கும் போகிறது. தங்கம் பெரும்பாலும் இப்படி நிதானமாக வந்ததில்லை, செத்த நட்சத்திரங்கள் ஒன்றோடு ஒன்று மோதுகிற மாதிரி இடத்தில் கண் மூடித் திறப்பதற்குள் வந்தது என்றாய். நிதானமாக நடப்பது வயசாகி ஊதிப்போன சிவப்பு நட்சத்திரத்துக்குள்ளே, ஆயிரக்கணக்கான வருஷம். அங்கே அந்த நியூட்ரான் எங்கிருந்து கிடைக்கிறது என்றால், கரியிலேயே கொஞ்சம் கனத்த வகை ஒன்று இருக்கிறது, அதன்மேல் ஹீலியம் வந்து இடித்தால் ஒரு நியூட்ரான் தெறிக்கும். எத்தனை இடிக்கு ஒன்று தெறிக்கிறது என்று இங்கே பூமியில் செய்து பார்த்து எண்ணுவதுதான் என் மகன் வேலை. அது மிகவும் அரிதாகத் தெறிக்கும், ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தால் விரல் விட்டு எண்ணுகிற அளவு, அதனால்தான் வானத்திலிருந்து வேறு துகள் வந்து கலந்துவிடாதபடி மலைக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கிறாய். உனக்கு வந்த எண்ணிக்கை மற்றவர்களுக்கு வந்ததைப்போல இரண்டு பங்கு. நீ அதைச் சபையில் சொன்னாய். யாருக்கும் அப்படி வரவில்லை. உபரியாக வந்த நியூட்ரான் எங்கிருந்து வந்தது என்று மூன்று மாதமாக ஒவ்வொரு ஒயராகக் கழற்றிப் பார்த்துவிட்டு, கோளாறு என்னிடம்தான் என்று முடிவுக்கு வந்துவிட்டாய். ஒரு ஆள் மூன்று மாதம் இப்படித் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு தனியாக இருந்திருக்கிறான், நான் வாராவாரம் போன் செய்து குளிர் எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். போன வருஷம் மே மாதம் லீவில் வந்தபோது, அந்தக் கரியைப் பூசுவதற்குத் தங்க முலாம் போட்ட செம்பு வட்டு வேண்டும், எங்கள் லேப் பட்டறையில் இரண்டு மாதம் வரிசையில் நிற்கவேண்டும், நீங்களே போட்டுத் தாங்களேன் அத்தா என்றாய். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையை நான் வெளியே காட்டவில்லை. ஆடுகிறவர்கள் நெற்றியில் ஏறுவதற்கே முலாம் போட்ட கை, நட்சத்திரத்தை அளப்பதற்குப் போடப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கடை சாத்தியிருந்த நேரத்தில் தொட்டியெல்லாம் புதுசாகக் கரைசல் வைத்து, காரம் போர்டு ஸ்டிரைக்கர் அளவுக்கு வட்டு வெட்டி, பளபளக்கத் தேய்த்து, ஆறு வட்டு போட்டுக் கொடுத்தேன். நீ ஒரு சீட்டில் செம்பு, அதன்மேல் தங்கம், நடுவில் வேறு எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தாய். அந்தச் சீட்டைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன். அப்படியும் நடுவில் நிக்கல் போட்டேன் தம்பி. வேண்டுமென்றே உன் பேச்சை மீறவில்லை. எங்கள் தொழிலில் யாரும் நிக்கல் போட்டேன் என்று சொல்கிற வழக்கமே கிடையாது. என்ன முலாம் என்று கேட்டால் தங்கம் என்போம், அடியில் இருக்கிற நிக்கல் எங்கள் கணக்கில் ஒரு பொருளே இல்லை, துணி தைக்கிறவனிடம் நூல் போட்டாயா என்று யார் கேட்பார்கள். நீ வேறு எதுவும் வேண்டாம் என்று எழுதியதைப் படித்தபோது வெள்ளி, ரோடியம் எதுவும் வேண்டாம் என்கிறாய் என்றுதான் என் மண்டைக்கு ஏறியது.

ஏன் என் கை தானாக நிக்கல் தொட்டிக்குப் போகிறது என்றால், நீ ஐந்தாவது படிக்கும்போது நடந்தது ஒன்று. மாட வீதி ஸ்ரீரஞ்சனி டீச்சர் ஒரு பெண்ணின் அரங்கேற்றத்துக்கு முழு செட் கொடுத்திருந்தார்கள், அவசரத்தில் நான் நிக்கலை விட்டுவிட்டுச் செம்பின் மேலேயே தங்கத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டேன். நிக்கல் இல்லாவிட்டால் செம்பு அடியிலிருந்து ஊறி ஊறித் தங்கத்துக்குள்ளே வந்துவிடும். நாலாம் மாதம் டீச்சர் கடைக்கு வந்து நகையை மேஜைமேல் வைத்தார்கள், எல்லாம் சிவந்து கறுத்திருந்தது. சத்தம் போடவில்லை. பாய், குழந்தை நெத்தியில கறுப்பா ஒரு கோடு விழுந்துடுத்து, மேடையில அத்தனை பேர் பாத்தா என்று மட்டும் சொன்னார்கள். அதற்கப்புறம் நிக்கல் இல்லாமல் என் கையிலிருந்து ஒரு திருகாணிகூட வெளியே போனதில்லை. உன் வட்டு கறுத்துப்போய் அந்த ஊர்க்காரர்கள் முன்னால் நீ தலை குனியக்கூடாது என்று இரண்டு முறை நிக்கலில் முக்கினேன். அஸர் பாங்கு கேட்கிறது, பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு வருகிறேன், அதுவரை இவள் பேனாவை மூடி வைக்கட்டும்.

(நாஸியா: மூடலை. பள்ளிவாசலுக்குப் போய்ட்டு வர இருபது நிமிஷம் ஆகும், அதுவரைக்கும் கடை முழுக்க என்னோடது. அண்ணா, மீதியை நான் சொல்றேன், ஏன்னா கண்டுபிடிச்சது நான். வியாழக்கிழமை உன்னைக் கூப்பிட்டப்போ, கரியைத் தவிர வேற எதுலேருந்துடா நியூட்ரான் வரும்னு கேட்டேன். நீ தூக்கத்துல பேசுற மாதிரி ஒரு பட்டியல் சொன்னே, ஃபுளோரின், பெரிலியம், போரான், அதுல போரான்தான் பெரிய தொல்லை, துளி இருந்தாலும் ஹீலியம் பட்டதும் நியூட்ரானைத் துப்பும், அதனாலே சில கண்ணாடியைக்கூட உள்ளே விடறதில்லைன்னே. போரான் வந்தா அண்ணன் போறான்னு நான் சொன்னேன், நீ சிரிக்கலை. என் ஜோக்குக்கு நீ சிரிக்காம இருந்தது அதுதான் முதல் தடவை. மறுநாள் சாயந்திரம் என் கிளாஸ் மஹ்விஷ் வீட்டுல காரம் ஆடிக்கிட்டு இருந்தோம். பவுடர் எப்பவும் நான்தான் கொண்டுபோவேன், நம்ம கடை மூட்டையிலேருந்து ஒரு டம்ளர் சுட்டு, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல. போர்டு மேலே தூவினேன். தூவிட்டு அப்படியே கையைத் தூக்கினபடி நின்னுட்டேன். இன்னாடி சிலை மாதிரி நிக்கிறே, ரெட் காயினைப் போட பயமாக்கீதான்னு மஹ்விஷ் கத்துறா. அந்த மூட்டையிலே என்ன எழுதியிருக்குன்னு உனக்குத் தெரியுமே அண்ணா. போரிக் ஆசிட், போரானோட ஆசிட். நிக்கல் தொட்டியிலே கிலோ கணக்குல கொட்டறதே அதைத்தான்.

ரெட்டை அப்படியே விட்டுட்டு ஓடினேன், அவ இன்னும் அதுக்குப் பேசலை. கடையிலே அத்தா ஒட்டியாணத்தைத் தொட்டியிலே தொங்கவிட்டுக்கிட்டிருந்தார். சொன்னேன். நான் நல்லாக் கழுவினேனேம்மா, மூணு தண்ணியிலே கழுவினேன்னார். எவ்வளவு ஒட்டியிருந்தாத் தப்பாகும்னு கேட்டார். கண்ணுக்குத் தெரியாத அளவு போதும்னு அண்ணன் சொன்னான்னேன். தங்கம் மேலே இருக்கே, மூடியிருக்குமேன்னார். நம்ம கடைத் தங்கம் எவ்வளவு தடிமன் அத்தான்னு கேட்டேன். ஹீலியம் அந்த மெல்லிசுத் தங்கத்தைத் தாண்டி நிக்கல் வரைக்கும் போயிடும் இல்லையா. அப்புறம் கடைசியா ஒண்ணு கேட்டார், ஏன், வெறும் வட்டை வெச்சு அவன் சரிபார்க்கலையான்னு. அதை உன்கிட்டே நான் வியாழக்கிழமையே கேட்டிருந்தேன், நீ சொன்னது ஞாபகம் இருக்கா. பார்த்தேன், சுத்தமா இருந்துச்சு, ஆனா அது லேப்ல கிடந்த பழைய வட்டு, அத்தா போட்டுக் கொடுத்ததுல ஒண்ணை வெறுமனே வீணாக்க மனசு வரலைன்னே. அதை அத்தாகிட்டே சொன்னதும் ஒட்டியாணத்தைத் தொட்டியிலேருந்து எடுத்துட்டு ஸ்விட்சை அணைச்சார். அவர் உன் மேலே பாசத்துல நிக்கல் போட்டார், நீ அவர் மேலே பாசத்துல சரிபார்க்கலை. ரெண்டு பேரும் கொஞ்சம் பாசத்தைக் குறைச்சிருந்தா எண்ணிக்கை சரியா வந்திருக்கும். இப்போ அவர் சொல்லாத ரெண்டு விஷயம். அன்னிக்கே நிக்கல் தொட்டியை வடிச்சு, கையுறை போடாம, வெறும் கையாலே அடிவரைக்கும் தேய்ச்சார், நான் பிடிச்சு இழுத்தும் கேட்கலை, அரிப்பு சும்மா கிளம்பலை. அதுலேருந்து தொட்டி காலி, சீசன் வேலையெல்லாம் பக்கத்துக் கடை ரெஹான் பாய்கிட்டே போகுது. அம்மா விஷயம் இன்னொண்ணு. முதல்ல அம்மா, எழுதவே வேணாம், அவன் பாட்டுக்கு வரட்டும், இங்கேயே ஒரு காலேஜ்ல வேலை கிடைக்கும், என் கண் முன்னாடி இருக்கட்டும்னாங்க. சனிக்கிழமை முழுக்க அத்தாவோட பேச்சில்லை. நேத்து உன் பெட்ஷீட்டை மடிச்சுக்கிட்டே என்கிட்டே சொன்னாங்க, எழுதச் சொல்லுடி, வந்தா சந்தோஷமா வரணும், ஒளிஞ்சுக்க வரக்கூடாதுன்னு. ஆட்டுக்கால் மட்டும் கேன்சல் பண்ணலை. செருப்புச் சத்தம் கேட்குது, கடையைச் சுருட்டறேன்.)

திரும்பி வந்து இவள் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கிழிக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் எதுவும் பொய்யில்லை, அப்படியே இருக்கட்டும். ஒன்று மட்டும் நீ திருத்திப் படித்துக்கொள், மூன்று தண்ணீரில் இல்லை, நான்கு தண்ணீரில் கழுவினேன், நான்காவது கடைக் குழாய்த் தண்ணீர் கூட இல்லை, கேன் தண்ணீர். இந்த மாதிரி விவரம்தான் உனக்கு வேண்டியிருக்கும் என்பதால் எல்லாவற்றையும் சொல்லி இவளிடம் தனித்தாளில் எழுத வைத்திருக்கிறேன், தொட்டியில் நிக்கல் சல்பேட் எவ்வளவு, குளோரைடு எவ்வளவு, போரிக் எவ்வளவு, என்ன சூடு, எத்தனை நிமிஷம் முக்கினேன், தங்கத்தில் எத்தனை நிமிஷம் என்று என் நினைவில் இருக்கிறதெல்லாம். நினைவில்லாத இடத்தில் நினைவில்லை என்றே எழுதச் சொன்னேன், குத்துமதிப்பாக எதையும் போடவில்லை.

அதோடு ஒரு வட்டும் வருகிறது. எந்த வேலை எடுத்தாலும் சேதத்துக்கென்று ஒன்று கூடுதலாகப் போடுவது எங்கள் வழக்கம், உனக்கும் ஏழு போட்டேன். ஏழாவதில் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்துவிட்டதால் உன்னிடம் கொடுக்க வெட்கப்பட்டுக்கொண்டு மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டேன், சனிக்கிழமை மழையோடு போய்த் தேடி எடுத்து வந்தேன். கரி எதுவும் பூசாத வெறும் வட்டு, அதே தொட்டி, அதே நாள், அதே கை. ராகவேந்திரன் சார் மகள் அனன்யா வியாழக்கிழமை ஃபிராங்க்ஃபர்ட் போகிறாள், அவளிடம் கொடுத்துவிடுகிறோம், நீ போய் வாங்கிக்கொள். யாரும் தொடாமல் பட்டர் பேப்பரில் சுற்றி டப்பாவில் வைத்திருக்கிறது, அம்மா அதோடு முறுக்கு வைக்கப் பார்த்தாள், நாஸியாதான் சண்டை போட்டு வேறு பையில் மாற்றினாள். இந்தக் கடிதத்தை இவள் போட்டோ எடுத்து இப்போதே அனுப்பிவிடுவாள், அசல் வட்டோடு வரும். அந்த வட்டை வெறுமனே வைத்து ஹீலியத்தை விட்டுப் பார். கரி இல்லாத இடத்திலிருந்து நியூட்ரான் வந்தால், அது என் தொட்டியிலிருந்து வந்தது. உன் கருவி சரி, உன் எண்ணிக்கை சரி, உன் பொறுமையும் சரி, நான் கொடுத்த வட்டு சரியில்லை. வராமல் போனால், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், எதற்கும் என்னைக் காரணம் சொல்லிக்கொண்டு நிற்காதே, அப்போது எதனால் என்று தெரியவில்லை என்றே எழுது, வீட்டுக்கு வா, அதிலும் ஒரு கேவலமும் இல்லை. ஆனால் பார்க்காமல் வராதே. உனக்குத் தகுதி இல்லை என்பதை அந்த வட்டைக் கேட்காமல் நீயாக முடிவு பண்ணாதே.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் போனில் சொல்லாமல் எழுத வைத்தேன். உன்னை எனக்குத் தெரியும். வட்டில்தான் கோளாறு என்று தெரிந்ததும், வெளிக்கடை ஒன்றில் போட்ட முலாம் என்று மொட்டையாக எழுதிவிட்டு என் பெயரை விட்டுவிடுவாய், அத்தா பெயர் அந்த வெள்ளைக்காரர்கள் வாயில் விழவேண்டாம் என்று நினைப்பாய். அப்படிச் செய்யாதே. பெயர் ஊர் இல்லாத தப்பை யாரும் நம்பமாட்டார்கள், பையன் தப்பிக்கக் கதை சொல்கிறான் என்பார்கள். யார் போட்டது, எந்தத் தெருவில் போட்டது, எந்தத் தொட்டியில் போட்டது என்று இருந்தால்தான் இன்னொருவன் திரும்பப் போட்டுப் பார்க்கமுடியும். உன் பேராசிரியருக்கு என்ன கேள்வி இருந்தாலும் என்னைக் கேட்கட்டும், நான் தமிழில் சொல்கிறேன், இவள் இங்கிலீஷில் எழுதுவாள். (நாஸியா: அந்தக் கடிதத்துல அடைப்புக்குறி இருக்காது. ஒரு வார்த்தைகூடச் சேர்க்க மாட்டேன்.) எனக்கு அதில் அவமானம் ஒன்றுமில்லை தம்பி. டீச்சர் நகையைத் திரும்பப் போட்டுக் கொடுத்த மறுநாளும் கடையைத் திறந்தேன், கை ஆறினதும் நிக்கல் தொட்டியையும் நிரப்பித் திறக்கத்தான் போகிறேன், நெத்திச்சுட்டிக்கு அது வேண்டும். உன் வேலைக்குத்தான் வேண்டாம் என்பது இப்போது எனக்குத் தெரியும், அடுத்த ஆறு வட்டை நீ யாரிடம் வேண்டுமானாலும் போட்டுக்கொள், என்னிடம் கேட்டால் செம்பின்மேல் நேராகத் தங்கம் வைத்துத் தருகிறேன், கறுத்தால் கறுக்கட்டும்.

ஃபஜ்ர் தொழுகையை விடாதே, காலையில் வெறும் காபியோடு மலைக்குள்ளே போகாதே, வெள்ளிக்கிழமை அம்மா போனுக்காக உட்கார்ந்திருப்பாள், இருபதாம் தேதி வருகிறாயா இல்லையா என்பதை நீயே உன் வாயால் அவளிடம் சொல், எங்கள் மேல் போடாதே. எப்படி முடிவெடுத்தாலும் அல்லாஹ் உனக்கு அதில் பரக்கத்தைக் கொடுக்கட்டும், உன் கண்ணுக்குத் தூக்கத்தையும் மனசுக்கு அமைதியையும் கொடுக்கட்டும், ஆமீன். கீழே இருப்பது நாஸியா எழுதியதில்லை, கட்டில்லாத இடது கையால் நானே எழுதியது. கோணலாக இருக்கிறது, ஆனால் எழுத்து சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டேன். உன் அறிக்கையில் இதை இப்படியே போட்டுக்கொள்.

உன் அத்தா,
வலியுல்லா,
முலாம் வேலை,
தெற்கு மாட வீதிக்குப் பின்புறம், மயிலாப்பூர், சென்னை.
வட்டுக்கு நிக்கல் போட்டது நான்.